எந்த இருவர்?

முந்தைய நாள் மாலை தம் கையாலேயே தாள்களை அழிப்பதற்கான பூட்டிய தொட்டிக்குள் போட்டுவிட்டு வந்த கோப்பு, மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்குத் தம் மேசையின் நட்டநடுவில் விரிந்து கிடப்பதை எல்டன் ப்ரம்லி கண்டார்.

அதைக் கண்டதும் அவருக்கு அச்சம் உண்டாகவில்லை, எரிச்சல்தான் உண்டாயிற்று. தேர்தல் முடிந்து எட்டு நாள்கள் ஆகியிருந்தன. இந்த எட்டு நாள்களில் காப்பி ஆறிப்போனாலும் எரிச்சல், மின்தூக்கி தாமதித்தாலும் எரிச்சல், வழியில் யாரேனும் அனுதாபத்தோடு தோளில் கை வைத்தாலும் எரிச்சல் என்று அவர் நெஞ்சு புண்ணாகிக் கிடந்தது. அவர்கள் தோற்றிருந்தார்கள்.

வாஷிங்டனில், தேர்தலுக்கு முன்னரே இரு தரப்புக்கும் அரசே ஆளுக்கொரு தளத்தை ஒதுக்கித் தந்துவிடும். வென்றவர் மறுநாள் காலையிலேயே ஆட்சிமாற்ற வேலையைத் தொடங்க வேண்டும் என்பதற்காக மேசைகள், தொலைபேசிகள், பூட்டுள்ள அலமாரிகள் யாவும் ஆயத்தமாக இருக்கும். தோற்றவர் சில நாள்களில் காலிசெய்துவிட்டுப் போகவேண்டும். நான்காம் தளத்தில் எல்டன் தரப்பினருக்கு நூற்றிருபது மேசைகள் இருந்தன. இப்போது அவருடையது ஒன்றே எஞ்சியிருந்தது. மற்றவை நின்ற இடங்களில் கம்பளம் நான்கு நான்கு பள்ளங்களாக அழுந்தியிருந்தது. தரையிலிருந்து பிடுங்கப்பட்ட கம்பிகள் சுருட்டிக் கட்டப்பட்டு மூலைதோறும் கிடந்தன. கம்பளப் பசையின் வாடையும், எங்கோ கழுவாமல் விட்டுப்போன காப்பிக் குடுவையின் புளித்த வாடையும், சுவரோரத்து வெப்பக் குழாய்கள் தம்போக்கில் முனகும் ஓசையும் சேர்ந்து, நவம்பர் மாதத்து மங்கிய வெயிலில், அத்தளம் நோயாளியை எடுத்துச் சென்றபின் வெறுமையாய்க் கிடக்கும் மருத்துவமனைக் கூடத்தைப் போலத் தோன்றிற்று.

விரிந்து கிடந்தது அவர் எழுதிய பத்தொன்பதாம் அத்தியாயம். நாட்டின் அரசாங்கத்தை அடியிலிருந்து திருத்தியமைப்பதற்காகப் பழைமைவாதக் கொள்கைக் கழகமொன்று தொகுத்த தொள்ளாயிரம் பக்கத் திட்டத்தில் அவர் பங்கு அறுபது பக்கம். அவற்றுக்காக அவர் உழைத்தது பதினெட்டு ஆண்டு. உள்நாட்டு நீர்வழித் துறையில் நீக்கப்படவேண்டிய பதவிகள் இருநூற்றுப் பதினான்கையும் வரிசை எண்ணிட்டு, ஒவ்வொன்றிலும் இருப்பவர் பெயரோடு பட்டியலிட்டிருந்தார்.

அந்தப் பட்டியலில் முதல் பதினொரு வரிகளுக்கு நேரே பச்சை மையில் சரிக்குறி இடப்பட்டிருந்தது.

அவர்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. நீல மை திருத்தத்துக்கு. சிவப்பு மை சட்ட ஆலோசகர்க்கு. பச்சை மை முடிவுக்கு. பச்சையில் குறித்துவிட்டால் அது நடந்து முடிந்ததற்குச் சமம். ஆகவே வெற்றி பெற்ற மறுநாள் காலை பிரிப்பதற்கென்று பச்சைப் பேனாப் பெட்டி ஒன்றை வாங்கி, ஒட்டுத்தாள் கூடப் பிரிக்காமல் அலமாரியில் வைத்திருந்தார்கள். எல்டன் எழுந்து போய்ப் பார்த்தார். பெட்டி அங்கேதான் இருந்தது. ஒட்டுத்தாள் பிரியவில்லை.

தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிடும் ஓசையும், அதற்கிணையாகத் தேவாலயப் பாட்டொன்றின் முணுமுணுப்பும் நடைவழியில் கேட்டன. ஒடெட்டா ரெய்னி வந்தார். அரசுக் கட்டடங்களைப் பராமரிக்கும் அலுவலகத்தில் முப்பதாண்டுப் பணி அவருக்கு; தோற்றவர்களிடமிருந்து தளத்தை எண்ணி வாங்கிக்கொள்வது அவர் பொறுப்பு. மூக்குக்கண்ணாடி சங்கிலியில் தொங்க, வண்டியின் மேல்தட்டில் தம் சாப்பாட்டுப் பையை வைத்திருந்தார்.

"என்ன மிஸ்டர் ப்ரம்லி, இன்னும் கிளம்பலையா? தளத்துல உங்க நாற்காலி ஒண்ணுதான் பாக்கி. அதையும் எடுத்தா நின்னுக்கிட்டே அழுவீங்களேன்னு விட்டு வச்சிருக்கேன்."

"அழ நேரமில்லை, மிஸஸ் ரெய்னி. இந்தக் கோப்பை யார் எடுத்து இங்கே வச்சது? நேத்து நான் தொட்டியில போட்டேன்."

"தொட்டிச் சாவி என் இடுப்புலதான் இருக்கு. நான் திறக்கலை. உங்க ஆளுங்க யாராச்சும் விளையாடியிருப்பாங்க. ஏழு தேர்தல் பாத்துட்டேன் சார். ஜெயிச்சவங்க நாற்காலியை உடைப்பாங்க, தோத்தவங்க ஸ்டேப்ளரைத் தூக்கிட்டுப் போவாங்க. நீங்க ஒருத்தர்தான் ஸ்டேப்ளரை எண்ணிக் குடுத்தீங்க. அதுக்காகவே உங்களைப் பிடிக்கும்."

"நாங்க ஜெயிச்சிருந்தா உங்க வேலைக்கே ஆபத்து வந்திருக்கும். தெரியுமில்ல?"

"படிச்சேனே! முப்பதாம் அத்தியாயம். என் பதவிக்கு நேரா 'பயன் பரிசீலனைக்குரியது'ன்னு போட்டிருந்தீங்க. வீட்டுக்காரர் லமான்ட்கிட்ட காட்டினேன். 'முப்பத்தோரு வருஷமா நானும் அதைத்தானே பரிசீலிச்சுக்கிட்டு இருக்கேன்'ங்கறார் மனுஷன்."

எல்டனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒடெட்டா பையிலிருந்து ரொட்டியை எடுத்தபோது, அதன்மேல் ஒட்டியிருந்த துண்டுத் தாளை அவரிடம் காட்டினார். பெரிய பெரிய எழுத்துகள், காற்றில் சாய்ந்த வேலிக்கால்கள் போல ஒருபுறமாய்ச் சரிந்து, நடுங்கி நடுங்கி நின்றன: 'மாத்திரையை மறக்காதே.'

"லமான்ட்டுக்குப் பக்கவாதம் வந்து வலது கை போச்சு. ரெண்டு வருஷமா இடது கையால எழுதிப் பழகறார். ஒரு வரிக்கு அஞ்சு நிமிஷம். ஆனா தினமும் ஒண்ணு வச்சிடுவார்." துண்டுத் தாளைப் பத்திரமாக மடித்து மேற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒப்படைப்புப் படிவத்தை மேசையில் வைத்தார். அதன் அடியில், பெற்றுக்கொள்பவர் என்று ஒடெட்டாவின் பெயரும் பதவியும் அச்சிடப்பட்டிருந்தன. "அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டு வைங்க. அஞ்சுக்கு போனையும் துண்டிச்சிடுவாங்க. நான் அந்தக் கோடியில அலமாரி எண்ணிக்கிட்டு இருக்கேன்."

வண்டி கிறீச்சிட்டுக்கொண்டே அகன்றது. எல்டன் மேசைப்பக்கம் திரும்பினார்.

இப்போது சரிக்குறி இருபத்தாறாம் வரி வரையில் இருந்தது.

மை ஈரமாக மின்னிற்று. விரலை வைத்துப் பார்த்தார். விரலில் பச்சை ஒட்டிக்கொண்டது. நெடுநேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, பட்டியலின் முதல் வரியில் இருந்தவர் பணியாற்றிய பிரிவின் எண்ணை அழுத்தினார். அந்த எண் புழக்கத்தில் இல்லை என்றது ஒரு பதிவுக் குரல். துறையின் பொது எண்ணை அழுத்தினார்.

"மண்டல மறு ஆய்வுப் பிரிவா?" என்றாள் வரவேற்பு மேசைப் பெண். "அப்படி ஒண்ணு இங்கே கிடையாதே சார். இருபத்திரண்டு வருஷமா இதே மேசையில இருக்கேன், நான் கேள்விப்பட்டதே இல்லை."

எல்டன் தொலைபேசியை வைத்தார். அந்தப் பிரிவை அவருக்கு நன்றாகத் தெரியும். ஒஹாயோ ஆற்றங்கரையில் அவர் தந்தை ஒரு சிறிய படகுத்துறை கட்ட அனுமதி கேட்டு விண்ணப்பித்தது அந்தப் பிரிவுக்குத்தான். ஆறு ஆண்டுகள். ஒரே தாளை மூன்று மேற்பார்வையாளர்கள் ஒருவர்பின் ஒருவராகத் திருப்பியனுப்பினார்கள். தந்தையை அடக்கம் செய்து நாற்பது நாள் கழித்து, இறந்தவர் பெயருக்கு அனுமதிக் கடிதம் வந்தது. அதை எல்டன் இன்னும் பணப்பைக்குள் வைத்திருக்கிறார். மேடையில் அவர் பேசிய பேச்சுகள் எல்லாம் அந்த ஒரு கடிதத்துக்கு எழுதிய பதில்களே.

இப்போது அந்தப் பிரிவு இல்லை. இருந்ததாகக்கூட யாருக்கும் நினைவில்லை.

தோற்ற பின்னும் திட்டம் நடக்கிறது. எப்படி என்று கேட்க அவருக்குத் தோன்றவில்லை. பதினெட்டு ஆண்டு எரிச்சல், தொண்டையில் சிக்கிய முள் நழுவி இறங்கினாற்போல இறங்கிற்று. ஆளற்ற தளத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு எதிர்ச்சுவரில் மோதித் திரும்பி வந்தபோது, அது தம்முடையதுதானா என்று ஒருகணம் ஐயம் எழுந்தது.

பேனா முனை தாளில் உராயும் ஓசையை அதற்குப் பின்னர்தான் அவர் முதன்முதலாகக் கேட்டார். அவர் பார்க்கும்போது ஓசை இல்லை. சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினால் உடனே கேட்டது; சுண்டெலி அட்டையைச் சுரண்டுவது போன்ற, அவசரமற்ற, ஒழுங்கான ஓசை. ஒரு கீறல் இறங்கும். ஒரு கீறல் ஏறும். நிற்கும். மீண்டும் இறங்கும். திரும்பிப் பார்த்தால் இரண்டு வரி கூடியிருக்கும். அறையில் ஈர மையின் உலோக வாடை ஏறிக்கொண்டே வந்தது. வெளியே எதிர்க் கட்டடத்தின் சன்னல்களில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின.

ஐம்பத்தெட்டாம் வரி வந்தபோது அவர் சிரிப்பு நின்றது. ஹார்லன் டீக். நீர்வழிப் பொறியாளர். கொள்கையில் எதிரி, ஆனாலும் ஆண்டுக்கொரு முறை இருவரும் ஒரே படகில் மீன்பிடிக்கப் போய், மீனை விட்டுவிட்டு வாதம் பிடித்துத் திரும்புவார்கள். எல்டன் அவர் வீட்டு எண்ணை அழுத்தினார். முதல் மணியிலேயே எடுத்தாள் அவர் மனைவி மார்னி.

"எல்டனா? நல்லவேளை, நீங்களாவது சொல்லுங்க, ஹார்லன்னு ஒருத்தர் இருக்கார்தானே? நான் பைத்தியம் இல்லையே?"

"என்ன ஆச்சு மார்னி?"

"காலையில சாப்பாடு கட்டிக் குடுத்து அனுப்பினேன். இப்ப ஆபீசுக்கு போன் பண்ணா, அப்படி ஆளே இல்லைங்கறாங்க. பக்கத்து மேசைக்காரன், நம்ம வீட்டுல வந்து தின்னுட்டுப் போறவன், 'எந்த ஹார்லன்?'ங்கறான். அவர் சட்டை இங்கே தொங்குது எல்டன். அவர் காப்பிக் கோப்பை இங்கே இருக்கு." அவள் மூச்சு வாங்கினாள். "சமையல் மேசையில ஒரு தாள் கிடக்கு. யார் கொண்டுவந்து வச்சாங்கன்னு தெரியலை. அவரைத் திருப்பிக் குடுக்கணும்னா அதுல எழுதணுமாம். அடியில பச்சை மையில 'எந்த இருவர்?'னு கேட்டிருக்கு. அப்படின்னா என்ன எல்டன்? யாரை எழுதச் சொல்றாங்க?"

எல்டன் பச்சை ஒட்டிய விரலைக் கால்சட்டையில் தேய்த்தார்.

"எனக்குத் தெரியலை மார்னி," என்றார். தொலைபேசியை வைத்துவிட்டார்.

அவருக்குத் தெரியும். அவர் எழுதியதுதான் அது. பட்டியல் என்று ஒன்று போட்டால், இவனுக்கு விலக்கு, அவளுக்கு விலக்கு என்று ஆளாளுக்கு வந்து நிற்பார்கள். கடைசியில் ஒரு பதவியும் நீங்காது. அந்த ஓட்டையை அடைப்பதற்காகவே அத்தியாயத்தின் இறுதியில் ஒரு விதியை வைத்திருந்தார். ஒரு பதவியைத் தக்கவைக்க விரும்புவோர், அதற்கு ஈடாகப் பட்டியலில் இல்லாத வேறு இரு பதவியாளர்களைப் பெயர் சுட்டித் தரவேண்டும். இரக்கமற்ற விதி என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, விண்ணப்பத் தாளை நீக்கப்பட்டவரின் வீட்டிலேயே சேர்ப்பிக்க வேண்டும் என்றும் சேர்த்திருந்தார். டாலஸ் நகரத்து மாநாட்டில் அவ்விதியை வாசித்தபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்டிற்று.

கைதட்டு இப்போதும் காதில் கேட்டது. இல்லை. அது பேனாவின் ஓசை.

எழுபத்தொன்று. எழுபத்திரண்டு.

இப்போது அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குறி விழுந்தது. பேனா இல்லை. கை இல்லை. தாளின்மேல் பச்சைக் கோடொன்று தானாகக் கீழிறங்கி, திரும்பி, மேலேறிற்று.

குறி இன்னும் எட்டாத நூற்று முப்பத்தொன்றாம் வரியில் இருந்த பெயர் கொரீன் ப்ரம்லி.

அவர் மகள். அயோவா மாநிலத்தில் டுபியூக் நகருக்கு அருகே மிசிசிப்பி ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து குறிக்கும் பணி. பட்டியல் அச்சுக்குப் போகுமுன் கழகத்தில் ஒருவர் பக்குவமாகச் சொன்னார்: "அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடலாமே எல்டன், யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க." அவர் மறுத்தார். ஊரார் பிள்ளைகளுக்கு ஒரு நியாயம், தம் பிள்ளைக்கு ஒரு நியாயமா என்று கேட்டார். அப்படிக் கேட்டதில் அவருக்குப் பெருமையும் இருந்தது. கொரீனோ, அச்சான புத்தகத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, "என்னைப் பட்டியல்ல போட்டதுக்கு நான் கோபப்படலைப்பா. அங்கே நான் என்ன பண்றேன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?" என்றாள். அதன்பின் ஆறு மாதமாக இருவரும் பேசவில்லை.

அவர் அவள் கைப்பேசி எண்ணை அழுத்தினார். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. "ஆத்துல இருக்கேன். கரைக்கு வந்ததும் கூப்பிடறேன்" என்றது பதிவு செய்த குரல். மீண்டும் அழுத்தினார். மீண்டும் அதே குரல். ஏழு முறை.

தொண்ணூற்றாறு.

அவர் பக்கத்தைப் பற்றிக் கிழித்தார். நான்காக, எட்டாகக் கிழித்துத் தரையில் எறிந்தார். நிமிர்ந்தபோது பக்கம் கோப்பில் இருந்தது. தொண்ணூற்றெட்டு. நீலப் பேனாவால் மகளின் வரியை அழுத்தி அடித்தார். தாள் கிழியும்படி அடித்தார். நீலம் மணலில் விழுந்த நீர் போல உள்ளே இறங்கி மறைந்தது. பெயர் துலக்கமாக நின்றது. கோப்பையே தூக்கிக்கொண்டு மின்தூக்கியை நோக்கி ஓடினார். பாதி வழியில் கை இலேசாயிற்று. திரும்பிப் பார்த்தார். அது மேசைமேல் விரிந்து கிடந்தது.

தொலைவில், நடைவழிக் கோடியில், ஒடெட்டாவின் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. அதுவொன்றுதான் அத்தளத்தில் மனிதர்க்குரிய ஓசை.

நூற்றுப் பதினாறு.

அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். விலக்கு விண்ணப்பம். மாதிரிக்கென்று தாமே கோடிட்டு வரைந்து சேர்த்த வெற்றுத் தாள். எழுதினார்: 'கொரீன் ப்ரம்லி. வரிசை எண் 131. தக்கவைக்கவும்.'

மை உலருமுன் அடியில் பச்சை எழுந்தது.

எந்த இருவர்?

'எல்டன் ப்ரம்லி' என்று எழுதினார். அந்த ஒன்றில் அவருக்குத் தயக்கமே இல்லை.

பச்சை அவர் பெயரை ஒரு கோட்டால் அடித்தது. பக்கத்தில் எழுதிற்று: பதவி இல்லை.

ஆம். அவர் தோற்றுப்போன தரப்பு. அவர் யாருமில்லை. எட்டு நாளாக அவரை அறுத்துக்கொண்டிருந்த அந்த உண்மையை அது இரண்டே சொல்லில் சொல்லிவிட்டது.

நூற்று இருபத்திரண்டு.

மெரிக் டாயில் என்று எழுதினார். துறையின் துணைத் தலைவர். பதினோர் ஆண்டுகளாக எல்டன் அனுப்பிய கடிதம் ஒன்றுக்கும் பதில் போடாதவர், ஒரு விருந்தில் "நீங்கதான் அந்தப் படகுத்துறைக்காரரா?" என்று எல்லார்முன்னும் சிரித்தவர். அந்தப் பெயரை எழுதக் கை கூசவில்லை. கூசவில்லை என்பது பின்னர்தான் அவர் நெஞ்சில் உறைத்தது.

பச்சை அதை ஏற்றது. இன்னும் ஒருவர்.

நூற்று இருபத்தைந்து.

பெயர். ஒரு பெயர். பதினெட்டு ஆண்டுகள் பெயர்களாலேயே ஆனவர் அவர். ஆயிரம் அதிகாரிகளை மனப்பாடமாக அறிவார். ஒன்றும் வரவில்லை. வந்தவை எல்லாம் பட்டியலில் இருந்தவை. முன்னமே குறியிடப்பட்டவை. நினைவில் முகங்கள் வந்தன. முகங்களுக்குப் பெயர் இல்லை.

நூற்று இருபத்தேழு.

வெப்பக் குழாய் முனகிற்று. மை வாடை. பாட்டு.

நூற்று இருபத்தெட்டு.

மேசைமேல் ஒப்படைப்புப் படிவம் கிடந்தது. அதன் அடியில் அச்சிட்ட பெயர். அச்சிட்ட பதவி.

வேண்டாம் என்று அவர் வாய் சொன்னது. மார்னியின் சமையல் மேசை கண்முன் வந்தது. வந்தும், கை நகர்ந்தது.

நூற்று இருபத்தொன்பது.

ஒடெட்டா ரெய்னி.

எழுதிவிட்டார்.

நடைவழியில் பாட்டு நின்றது. வரி முடிந்து நிற்கவில்லை. ஒரு சொல்லின் நடுவில் நின்றது.

நூற்று முப்பதுக்கு நேரே குறி விழுந்தது. பச்சைக் கோடு அடுத்த வரிக்கு வந்தது. தயங்கிற்று. தாண்டிற்று. நூற்று முப்பத்திரண்டில் விழுந்தது.

எல்டன் எழுந்து நடைவழிக்குப் போனார். கோடி வரையில் விளக்குகள் எரிந்தன. வண்டி இல்லை. சாப்பாட்டுப் பை இல்லை. கம்பளத்தில் சக்கரத் தடம் மட்டும் இரண்டு கோடுகளாக நீண்டு, பாதி தூரத்தில் முடிந்திருந்தது. "மிஸஸ் ரெய்னி" என்று மெல்ல அழைத்தார். மறுபடி அழைக்கத் துணிவு இல்லை. திரும்பி வந்து படிவத்தைப் பார்த்தார். பெயர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

அப்போது தொலைபேசி அடித்தது. மணி ஐந்தாக ஆறு நிமிடம்.

"அப்பா? ஏழு தடவை கூப்பிட்டிருக்கீங்க! ஆறு மாசமா ஒரு தடவைகூட இல்லை, இன்னிக்கு ஏழு. அம்மா நல்லா இருக்காங்கல்ல?"

அவர் நாற்காலியில் சரிந்தார். அவள் குரலுக்குப் பின்னால் தண்ணீர் கரையில் மோதுவதும், காற்றும், ஏதோ ஒரு பறவையும் கேட்டன.

"நல்லா இருக்கா. நீ... நீ எப்படி இருக்கே கொரீன்?"

"அழறீங்களாப்பா? தேர்தல்தானே, விடுங்க. சத்தியமா சொல்றேன், நீங்க தோத்ததுல எனக்குச் சந்தோஷம் இல்லை. கொஞ்சம்தான் இருந்துச்சு." அவள் சிரித்தாள். "நானே கூப்பிடணும்னுதான் இருந்தேன். யார் முதல்ல கூப்பிடறதுங்கற வீம்பு. உங்ககிட்ட இருந்து வந்ததுதானே."

"நீ அங்கே என்ன பண்றேன்னு சொல்லு," என்றார் அவர். "நான் கேக்கவே இல்லையே. சொல்லு."



"நிஜமாவா? சரி, கேளுங்க. இந்த வருஷம் பனி சீக்கிரமே இறங்கிடுச்சு. கரையோரமா மெல்லிசா ஒரு ஏடு கட்டியிருக்கு, கண்ணாடி மாதிரி. அது கட்டற அன்னிக்கு மட்டம் ஒரு அங்குலம் பொய் சொல்லும்ப்பா. கருவியை நம்பக் கூடாது. இறங்கிப் போய்க் கையால அளக்கணும்..."

அவர் கண் கடைசிப் பக்கத்தில் விழுந்தது.

அவர் எழுதியதற்குக் கீழே, அதே தாளில், வேறொரு கை எழுதிக்கொண்டிருந்தது. பச்சை மை அன்று, கரிக்கோல். எழுத்துகள் பெரியவை. ஒருபுறமாய்ச் சரிந்தவை. நடுங்கி நடுங்கி, விழுந்து எழுந்து, ஒவ்வொன்றாக நின்றவை.

'ஒடெட்டா ரெய்னி. தக்கவைக்கவும்.'

அடியில் பச்சை கேட்டது.

எந்த இருவர்?

"...கீழே ஊர்க்காரங்க எல்லாம் அந்த அங்குலத்தைத்தான் நம்பி, வெள்ளத்துக்கு மணல் மூட்டை அடுக்குவாங்க. அப்பா, கேக்குதா?"

"கேக்குதும்மா."

கரிக்கோல் தாளின்மேல் நின்றது. ஒடெட்டாவின் வீட்டில் கிடக்கும் தாளிலும் எல்டன் எழுதிய வரி அதற்கு நேர்மேலே தெரியும். மகளின் பெயர் அதில் தெளிவாக இருந்தது. மாத்திரையை நினைவூட்டும் ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் செலவிடும் கை அது. மெதுவான கை. ஆனால் தயங்காத கை.

முதல் எழுத்து உருவாயிற்று.

அவர் உள்ளங்கையால் தாளை மூடினார்.

"தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கு வரேன்ப்பா. அம்மாகிட்ட சொல்லுங்க, பூசணி 'பை' பலகாரம் பண்ணச் சொல்லுங்க, ரெண்டா பண்ணச் சொல்லுங்க. நான் அங்கே வந்து..."

உள்ளங்கைக்கு அடியில், நத்தை ஊர்வது போல, இரண்டாம் எழுத்து மெல்ல வளைந்து எழுவதை அவர் தோல் உணர்ந்தது. அவர் இன்னும் அழுத்தினார். மேசை அதிர அழுத்தினார். அது வளைந்தது. நின்றது. அடுத்ததைத் தொடங்கிற்று.

"அப்பா?" என்றாள் கொரீன், சிரிப்பு மாறாத குரலில். "ஏன் பேசமாட்டேங்கறீங்க?"